வானத்து அக்கினியைக் கேட்கும் ஜெபம்



லூக்கா 9-ஆம் அதிகாரத்தில், தங்களை ஏற்க மறுத்த சமாரியக் கிராமத்தை வானத்து அக்கினியால் அழிக்கலாமா என்று யாக்கோபும் யோவானும் ஆண்டவரிடம் கேட்கிறார்கள். அவர்கள் அவிசுவாசிகள் அல்லர். எலியாவின் சரித்திரத்தை அறிந்தவர்கள். வேத ஆதாரத்தோடுதான் கேட்டார்கள். ஆண்டவரோ கடிந்துகொண்டது கிராமத்தாரை அல்ல, அவ்விருவரையே.

அதே விண்ணப்பம் இன்று நம் சபையாரின் கைப்பேசிகளில் காணொளியாகச் சுற்றி வருகிறது. வடகொரியா ஏவுகணை விடும்போதெல்லாம் எசேக்கியேல் 38-ஆம் அதிகாரம் நிறைவேறுகிறதாம். ரஷ்யாவும் சீனாவும் அதன் பின்னால் நிற்பதால் கோகும் மாகோகும் வந்துவிட்டார்களாம். ஆகையால் அந்தத் தேசத்தின்மேல் அணுகுண்டு விழுந்தால் அது தேவனுடைய நியாயத்தீர்ப்பாம். பின்னணி இசை வேறு. அதன் கீழே ‘ஆமென்’ என்று எழுதியவர்களில் நம்மவர் சிலரும் உண்டு. இந்தப் போதனை பொய் என்பதைச் சொல்லவே இவ்வாரம் எழுதுகிறேன்.

முதலாவது, நாம் யாருடைய அழிவுக்கு ஆமென் சொல்கிறோம்? பியோங்யாங் ஒரு காலத்தில் ‘கிழக்கின் எருசலேம்’ என்று மிஷனெரிகளால் அழைக்கப்பட்ட நகரம். 1907-இல் அங்கே உண்டான எழுப்புதலைப் பற்றி நம் கன்வென்ஷன் மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த அரசை நிறுவிய கிம் இல் சுங்கின் தாயார் பிரெஸ்பிடேரியன் குடும்பத்துப் பெண். பான் சோக் என்ற அவருடைய பெயருக்குப் பாறை என்று பொருள், அதாவது பேதுரு. அந்த நகரத்தைத்தான் நாம் சோதோம் என்று கணக்கெழுதி முடித்துவிட்டோம்.

இரண்டாவது, அந்தத் தேசம் எப்படி உண்டானது? 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையும் தறுவாயில், டீன் ரஸ்க்கும் மற்றொரு அமெரிக்க இராணுவ அதிகாரியும் நள்ளிரவில் ஒரு தேசப்படத்தை விரித்து, ஏறத்தாழ அரைமணி நேரத்தில் 38-ஆம் அட்சரேகையை எல்லையாகக் குறித்தார்கள். சோவியத் யூனியன் ஒப்புக்கொண்டது. கொரியர் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. 1950 ஜூன் 25-இல் வடக்கு தெற்கின்மேல் படையெடுத்தது, அது அநியாயம். அவ்வாண்டு நவம்பரிலேயே அணுகுண்டைப் பயன்படுத்துவது ஆலோசனையில் உள்ளதென்று ட்ரூமன் பகிரங்கமாகச் சொன்னார். 1953 ஜூலை 27-இல் கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டுமே; சமாதான உடன்படிக்கை இன்றுவரை இல்லை. 1958 முதல் 1991 வரை தென்கொரிய மண்ணில் அமெரிக்க அணு ஆயுதங்கள் இருந்தன. 2006-க்கும் 2017-க்கும் இடையில் வடகொரியா ஆறு முறை அணுகுண்டைச் சோதித்தது. 2024 ஜூனில் ரஷ்யா அதனோடு பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. சில மாதங்களில் வடகொரிய வாலிபர்கள் கூர்ஸ்க் களத்தில், தங்களுக்குச் சம்பந்தமில்லாத யுத்தத்தில் செத்தார்கள். சீனாவுக்கோ அத்தேசம் அமெரிக்கப் படைகளைத் தன் எல்லையிலிருந்து தள்ளி நிறுத்தும் வேலி. இதில் தீர்க்கதரிசனம் எங்கே இருக்கிறது? மனிதருடைய பேரம்தான் இருக்கிறது.

காரைக்கால்காரர்களுக்கு இது விளங்காமற்போவது எனக்குப் பெரும் வியப்பு. இந்த ஊரைத் தஞ்சை மராத்திய அரசிடமிருந்து 1739-இல் பிரெஞ்சுக் கம்பெனி பெற்றது. 1760-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1763-இல் பாரிஸ் உடன்படிக்கை அதைத் திருப்பிக் கொடுத்தது. மீண்டும் பிடித்தார்கள், 1814 உடன்படிக்கையின்படி மீண்டும் கொடுத்தார்கள். வடக்கே தரங்கம்பாடியில் டேனியர், தெற்கே நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர். 1758-லும் 1782-லும் நம் கடலில் பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பல்கள் பீரங்கிகளால் மோதிக்கொண்டன. அரசலாற்றங்கரையில் நாற்று நட்டவனிடம் உனக்கு எந்தக் கொடி வேண்டும் என்று எவரும் கேட்டதில்லை. 1954 நவம்பர் 1-ஆம் தேதிதான் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. (வாஞ்சூர் எல்லையை இன்று நாம் நினைப்பது பெட்ரோல் விலைக்காகவும், போதகர் எழுதத் தகாத இன்னொன்றின் விலைக்காகவும்தான்.) பீரங்கிக்குப் பதிலாக அணுகுண்டு அன்று அவர்கள் கையில் இருந்திருந்தால், இந்த வலைப்பக்கத்தை எழுதவும் வாசிக்கவும் இங்கே யாரும் மிஞ்சியிருக்கமாட்டோம்.

இனி, போதகர்களாகிய எங்கள் குற்றத்துக்கு வருகிறேன். 2017 ஆகஸ்டில் டிரம்ப் வடகொரியாவை நெருப்பால் அச்சுறுத்தியபோது, டல்லஸ் நகரத்துப் போதகர் ராபர்ட் ஜெஃப்ரஸ், கிம் ஜோங் உன்னை அகற்ற அவருக்குத் தேவன் அதிகாரம் கொடுத்திருக்கிறார் என்று அறிவித்தார். ஆதாரம் ரோமர் 13. பவுல் அதற்கு முந்தின அதிகாரத்தை, பசித்த சத்துருவைப் போஷிக்கச் சொல்லித்தான் முடிக்கிறார். ஒரே நிருபம், ஒரே கை. நடுவில் அதிகார எண்ணை இட்டவர்கள் பிற்காலத்தார். 1990-களின் பஞ்சத்தில் வடகொரியர் இலட்சக்கணக்கில் மாண்டார்கள். குறுவை பொய்த்தால் ஒரு வீடு எப்படியாகும் என்பதை அறிந்த டெல்டா மக்கள் முதலில் நினைக்கவேண்டியது ரோமர் 12-ஐ அல்லவா? பில்லி கிரகாம் 1992-லும் 1994-லும் பியோங்யாங்குக்கு நேரில் போய்ப் பிரசங்கித்தார். அவருடைய மனைவி ரூத் சிறுவயதில் அந்நகரத்தில் பள்ளியில் படித்தவர். சத்துருவின் ஊருக்குப் போவது என்றால் அது.

முதல் அணுகுண்டுச் சோதனைக்கு 1945 ஜூலை 16-இல் அவர்கள் வைத்த பெயர் ‘திரித்துவம்’. கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்குவதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. ஹிரோஷிமாவுக்குப் புறப்பட்ட விமானிகளுக்காக ஜெபித்த படைப்பிரிவுப் போதகர் வில்லியம் டௌனி லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 9 காலை 11.02 மணிக்கு, நாகசாகியின் உரகாமி பேராலயத்துக்கு அருகே இரண்டாவது குண்டு வெடித்தது. உள்ளே பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. இரண்டரை நூற்றாண்டு உபத்திரவத்தில் ஒளிந்திருந்து விசுவாசத்தைக் காத்தவர்களின் சந்ததி அந்தச் சபை. ஏறத்தாழ 12,000 பேரில் 8,500 பேர் மாண்டார்கள். ஷோகன்களால் முடியாததை ஞானஸ்நானம் பெற்றவர்களின் குண்டு ஒரே காலையில் செய்து முடித்தது. அதே தளத்தில் குருவாயிருந்த ஜார்ஜ் சபெல்கா என்ற கத்தோலிக்கர், அன்று தாம் மௌனமாயிருந்ததைப் பின்னாளில் பாவமென்று அறிக்கையிட்டு, மரணமட்டும் அணு ஆயுதத்துக்கு எதிராகப் பேசினார்.

‘ஐயா, அங்கே விசுவாசிகளைச் சிறையில் அடைக்கிறார்களே’ என்பீர்கள். உண்மை. 2014-இல் ஐக்கிய நாடுகளின் விசாரணைக் குழு அதை மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்றே எழுதியது. அந்த ஆட்சிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் குண்டுக்குச் சிறைக்காவலனையும் சிறையிலிருக்கும் சகோதரியையும் பிரித்தறியும் கண் உண்டா? உரகாமியில் இருந்ததா? நம் பொக்ரானுக்கும் இதுவே பொருந்தும். 1998 மேயில் இனிப்பு வழங்கிய தெருக்களில் கிறிஸ்தவத் தெருக்களும் இருந்தன. ஒருவன் கையில் இருந்தால் கோகு, நம் கையில் இருந்தால் பெருமை என்ற நியாயத்தை எந்த ஆகமத்திலிருந்து எடுத்தோம்?

நம் நாடு அந்த யுத்தத்துக்கு அனுப்பியது குண்டுகளை அல்ல. லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் ஒரு மருத்துவப் பிரிவை. எந்தப் பக்கத்துக்கும் திரும்ப மறுத்த, கொரியரும் சீனருமான 88 போர்க்கைதிகள் 1954-இல் கப்பலேறி வந்திறங்கியது சென்னைத் துறைமுகத்தில்.

வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் இரு கொரியாக்களுக்காகவும் அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். வயல்களுக்காக, கைதிகளுக்காக, அங்கே இரகசியமாய் ஜெபிக்கிறவர்களுக்காக, கிம் ஜோங் உன்னுக்காகவும் பெயர் சொல்லி ஜெபிப்போம். காணொளியை அனுப்பியவர்கள் அவசியம் வாருங்கள். எசேக்கியேல் 38-ஐ வேதாகமத்தைத் திறந்துவைத்து உங்களோடு வசனம் வசனமாக வாசிக்க ஆயத்தமாயிருக்கிறேன்.