மழைப்பக்கத்தை ஒதுக்கும் விடுமுறை

இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் ஆளுகைக்குட்பட்ட ரெயூனியன் தீவுக்கு விடுமுறைப் பயணம் திட்டமிடுவோர்க்கு, வழிகாட்டி நூல்கள் தவறாமல் கூறும் அறிவுரை ஒன்றுண்டு. மேற்குக் கரையில் தங்குங்கள். கிழக்கே எந்நாளும் மழை என்பதே அது. பொய்யன்று. 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் எரிமலைத் தீவு அது. தென்கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி, தன் நீரையெல்லாம் கிழக்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. அச்சரிவில் சில இடங்களில் ஆண்டுக்கு 10,000 மில்லிமீட்டருக்கும் மிகுதியாக மழை பொழிகிறது. மலைக்கு அப்பால், வெண்மணலும் பவளப்பாறையும் உள்ள சேன்-ழீல் கரையில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வானிலைக் குறிப்போடு நமக்கு வழக்கில்லை. அதிலிருந்து பிறக்கும் 'நல்ல பக்கம்', 'வேண்டாத பக்கம்' என்னும் பிரிவினையோடுதான் வழக்கு.

அந்த 'நல்ல பக்கம்' எதைக் கொண்டு வாழ்கிறது? வெயில் மட்டும் கரும்பை வளர்க்காது. குழாயில் நீர் கொணராது. எனவேதான் 1989-இல் மாபெரும் நீர்ப்பணி ஒன்று தொடங்கிற்று. கிழக்கே சலாசி, நடுமலையில் மஃபாத் ஆகிய பள்ளத்தாக்குகளின் ஆற்றுநீரை மேற்கே கொணர, எரிமலைப் பாறையைக் குடைந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்திற்குச் சுரங்க வழிகள் அமைத்தனர். பாறையிடுக்குகளிலிருந்து பெருவெள்ளம் பீறிட்டுப் பணியை மீண்டும் மீண்டும் தடுத்தது. விருந்தினர் விலக்கி வைக்கும் அதே மழைதான் மலையைத் துளைத்துக்கொண்டு வந்து மேற்கின் வயல்களை நனைக்கிறது. நீர் வேண்டும், நீர் விழும் ஊர் வேண்டாம் என்பது என்ன நியாயம்?

"ஆண்டு முழுதும் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு வாரம் ஓய்வெடுக்கப் போகிறவன் மழையில் நனைய வேண்டுமா?" என்று கேட்பார்கள். கேள்வி நேர்மையானதே. ஓய்வு பாவமன்று, ஏழாம் நாளை இறைவனே புனிதப்படுத்தினார். ஆயினும் ஓய்வு வேறு, கண்ணை மூடிக்கொள்ளுதல் வேறு. கதிரவனையும் மழையையும் ஒரே தந்தையின் கொடையாக மலைப்பொழிவிலே ஆண்டவர் இணைத்துப் பேசினாரே. பயணத் திட்டம் மட்டும் அவற்றை ஏன் பிரிக்க வேண்டும்?

விலக்கப்படும் கிழக்கில் யார் இருக்கிறார்கள் என்றும் பார்ப்போம். வனிலாப் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய முறையை 1841-இல் கண்டறிந்த எத்மோன், கிழக்கே சேன்ட்-சுசான் தோட்டமொன்றில் அடிமையாயிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன். வனிலா வாணிகம் பலரைச் செல்வராக்கியது. அவரோ 1880-இல் வறியவராய் இறந்தார். 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ப் பெருந்தொகையில் கப்பலேற்றப்பட்டவர்களோ நம் தமிழ்மக்கள். சேன்-தாந்த்ரே ஊரில் அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். திருமுழுக்குப் பெயர் தாங்கி ஆலயத்திற்கும் வருவார்கள், மூதாதையர் கோயிலுக்கும் போவார்கள். இறையியலார்க்கு இது சங்கடந்தான். அவர்களைப் பாராமலே திரும்பும் தமிழ்க் கிறிஸ்தவனைப் பற்றி நமக்குள்ள சங்கடம் அதைவிடப் பெரிது.

இன்னும் தெற்கே சேன்ட்-ரோஸ். 1977-இல் எரிமலைக் குழம்பு ஊருக்குள் இறங்கி வீடுகளை விழுங்கிற்று. கோயிலின் வாயிலை எட்டி, இருபுறமும் சூழ்ந்து, அங்கே நின்றுபோயிற்று. கறுத்து இறுகிய பாறை இன்றும் சுவரையொட்டிக் கிடக்கிறது. அன்று முதல் அது எரிமலைக் குழம்பின் அன்னை ஆலயம் எனப் பெயர் பெற்றது.

ஏழு நாள் பயணத்தில் ஞாயிறு ஒன்று வராமல் போகாது. அன்று காலை மேற்கிலிருந்து வண்டியேறி, சேன்-தாந்த்ரே வழியாகச் சேன்ட்-ரோஸ் சென்று வரலாம். குடை எடுத்துச் செல்ல வேண்டும்.