ஒரே ஒரு பந்தை எப்போது வீசுவது?

1996-இல் ஜப்பானில் முதன்முதலாக வெளிவந்த போக்கெமான் விளையாட்டில் ‘மாஸ்டர் பால்’ என்றொரு பந்து உண்டு. அதை வீசினால் காட்டுப் போக்கெமான் எதுவும் தப்பாது. ஆனால் ஆட்டம் முழுவதற்கும் கிடைப்பது ஒன்றே ஒன்று. நான்கு பெருவீரர்களையும் வென்று சாம்பியன் ஆன பின்னரே திறக்கும் ஒரு குகையில், பிடிப்பதற்கு மிகக் கடினமான மியூடூ காத்திருக்கிறது. பந்தை அதுவரை சேமிப்பதா, வழியிலேயே செலவிடுவதா?

பொருள் அரியது என்பதற்காக மட்டுமே அதைப் பூட்டி வைப்பது அறிவுடைமை ஆகாது என்பது என் கருத்து. மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். மீண்டும் கிடைக்குமா? மாற்று உண்டா? தவறினால் மறுபடி முயல முடியுமா?

மாஸ்டர் பால் மீண்டும் கிடைக்காது. மாற்று உண்டு, கடையில் ‘அல்ட்ரா பால்’ ஒன்று 1,200 பணத்துக்குக் கிடைக்கும். மறுபடி முயலவும் முடியும். மியூடூவை நெருங்குமுன் ஆட்டத்தைப் பதிவு செய்துகொள்ளலாம்.

அப்படியானால் மாஸ்டர் பாலின் மதிப்புதான் என்ன? கணக்கிட்டுப் பார்ப்போம். சாதாரணப் பந்தின் ஒரு வீச்சில் வெற்றி வாய்ப்பு 20-இல் 1 என்று வைத்துக்கொள்வோம். 20 முறை வீசினால் கட்டாயம் பிடிபடும் என்று எண்ணாதீர்கள்! இருபது முறையும் தவறும் வாய்ப்பு, 0.95-ஐ இருபது முறை பெருக்கினால் வரும் 0.36. நூறு பேர் முயன்றால் ஏறத்தாழ 36 பேர் வெறுங்கையுடன் திரும்புவர். வெற்றி வாய்ப்பு 90 விழுக்காடாக வேண்டுமானால் 45 பந்துகள் தேவை. அதாவது 54,000 பணம்! எளிய போக்கெமான் மீது வீசினால் இந்த ஆதாயம் போய்விடும். வீசாமலே வைத்திருந்தாலும் போய்விடும். எனவே மியூடூவுக்கென்று வைத்திருங்கள். அங்கே தயங்காமல் வீசுங்கள்.

ஆனால் கடையில் விற்காத ‘எலிக்சர்’ மருந்துகளின் கதை வேறு. கடும்போர்கள் நான்கு வீரர்களுடன் நடப்பவையே. அவற்றை அங்கே பயன்படுத்தாமல் பையில் அடுக்கி வைத்துப் பயன் என்ன? விதைநெல்லைக் காப்பது விதைப்பதற்காகத்தானே?

இதே கேள்விகள் பீர்க்கன்கரணை ஏரி போன்ற நீர்நிலைகளுக்கும் பொருந்தும். வடகிழக்குப் பருவமழையில் சேரும் நீர் கோடையைத் தாண்ட வேண்டும். ஆனால் அடுத்த மழைக்கு இடமும் இருக்க வேண்டும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறக்கப்பட்டது. பீர்க்கன்கரணைக்கு அருகிலுள்ள முடிச்சூர் அந்த வெள்ளக் காலத்தில் நீரில் மூழ்கியது. 2019 கோடையிலோ சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. மூன்றாவது கேள்விக்கு இங்கே விடை ‘முடியாது’ என்பதே. ஆட்டத்தைப் போல ஏரியைப் பதிவு செய்து வைத்து மறுபடி தொடங்க இயலாதல்லவா? ஆகவே எவ்வளவு சேமிப்பது, எப்போது திறப்பது என்பதை மழைக்கு முன்பே கணக்கிட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

வகுப்பில் ஒரு சோதனை செய்யுங்கள். பையில் 20 புளியங்கொட்டைகளைப் போட்டு, ஒன்றில் மட்டும் சுண்ணாம்புக் குறி இடுங்கள். பாராமல் ஒன்றை எடுத்து, பார்த்தபின் திரும்பப் போடுங்கள். ஒவ்வொருவரும் 20 முறை எடுக்கவேண்டும். 30 பேர் முயன்றால், குறியிட்ட கொட்டை கிட்டாதவர் ஏறக்குறைய 11 பேர் இருப்பர். எண்ணிப் பாருங்கள்!