மருட்கையும் பெருமிதமும்: ஆக்‌ஷன் விளையாட்டுகளைப் பார்த்து எழுதுவோர் கவனத்திற்கு

“வீடியோ கேம்கள் முதிர்ச்சி அடைந்துவிட்டன” என்னும் வாக்கியம் ஊடக ஆய்வுக் கருத்தரங்குகளில் மந்திரம்போல் ஓதப்படுகிறது. முதிர்ச்சிக்குச் சான்று யாதெனக் கேட்டால், அவை திரைப்படத்தைப்போல் ஆகிவிட்டன என்பதே விடையாக வருகிறது. நடிகரின் முகபாவம், இசைக்குழுவின் பின்னணி, வெட்டில்லாமல் நகரும் கேமரா ஆகியவை வரிசையாக எடுத்துக்காட்டப்படுகின்றன. ஒரு கலைவடிவம் மற்றொன்றைப்போல் தோன்றத் தொடங்குவதை அதன் முதிர்ச்சி என்று அழைக்கும் வழக்கம் வேறு துறைகளில் இல்லை. மேடை நாடகத்தை அப்படியே படம்பிடித்த தொடக்ககாலத் தமிழ்ப் படங்களைச் சினிமாவின் முதிர்ச்சிக் கட்டம் என்று எந்தத் திரைப்பட ஆய்வாளரும் எழுதியதில்லை. விளையாட்டுக்கு மட்டும் இந்தச் சலுகை ஏன்?

காரணம் ஆய்வுமுறையில் இருக்கிறது. ஆக்‌ஷன் விளையாட்டுகளைப் பற்றிக் கட்டுரை எழுதுவோரில் பலர் அவற்றை ஆடுவதில்லை; யூடியூபில் பிறர் ஆடியதைப் பார்க்கின்றனர். பார்க்கும் கண்ணுக்கு எந்த விளையாட்டு அள்ளிக் கொடுக்கிறதோ அதுவே ஆய்வேட்டுக்குள் நுழைகிறது. ஆடும் கைக்கு மட்டும் தன்னைத் திறந்து காட்டும் விளையாட்டு, வெறும் அடிதடி என்று ஒதுக்கப்படுகிறது.

இதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அத்தேர்வில் தேறாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவருக்குக் கிடைப்பது 8,000. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021இல் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 49,990. அதற்கான பெரிய விளையாட்டு ஒன்றின் விலை 4,999. விடுதி அறையில் கைப்பேசித் திரையில் பிறர் ஆடுவதைப் பார்த்து எழுதும் ஆய்வாளரின் நிலை இந்த எண்களில் இருக்கிறது. ஆனால் வறுமையால் நேர்ந்த முறையியல் குறையை யாரும் முறையியல் இயலில் எழுதுவதில்லை. குறை கோட்பாடாக உயர்த்தப்படுகிறது. பார்க்க முடிந்தது மட்டுமே பொருள் உடையது என்னும் முடிவு, சொல்லப்படாமலே நிறுவப்பட்டுவிடுகிறது.

1997இல் எஸ்பென் ஆர்செத்தின் ‘சைபர்டெக்ஸ்ட்’, ஜேனட் மர்ரேயின் ‘ஹாம்லெட் ஆன் தி ஹோலோடெக்’ என இரு நூல்களும் ஒரே ஆண்டில் வெளிவந்தன. அவற்றைத் தொடர்ந்து, விளையாட்டைக் கதையாக வாசிப்பதா, விதிகளின் அமைப்பாக வாசிப்பதா என்ற பூசல் சில ஆண்டுகள் நடந்தது. பூசல் ஓய்ந்துவிட்டது என்று பாடத்திட்டங்கள் சொல்கின்றன. சமாதான உடன்படிக்கையில் கைக்கு இடம் ஒதுக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

கை என்ன செய்கிறது என்பதற்கு ஒரு சான்று போதும். பிளாட்டினம் கேம்ஸ் நிறுவனத்தின் ‘பயோனெட்டா’ 2009இல் வெளிவந்தது. இயக்கியவர் ஹிடேகி காமியா. குத்து, உதை என்னும் இரண்டு பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் ஒரு காம்போ உருவாகிறது. வரிசை முடியும்போது நாயகியின் கூந்தல் பெருங்கையாகவோ பெருங்காலாகவோ உருவெடுத்து எதிரியைத் தாக்குகிறது. நடுவில் எதிரி தாக்கினால் விலகியாக வேண்டும். விலகினால் வரிசை அறுந்துவிடும். பெரும்பாலான விளையாட்டுகளில் அத்துடன் கதை முடிந்தது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ‘பயோனெட்டா’வில், அடித்த பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தபடியே விலகினால் வரிசை அறுவதில்லை. விலகல் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து இறுதி அடியை அடையலாம். கடைசி நொடியில் விலகியிருந்தால் சுற்றியுள்ள உலகமே சற்று நேரம் மெதுவாகிவிடும். அந்த இடைவெளியில் பேரடி விழும்.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இது புதிதன்று. ‘ஓடி’ என்னும் எச்சம் ‘வந்தான்’ என்னும் முற்றை நோக்கிக் காத்து நிற்கிறது. இடையே ‘அந்த இருட்டில் கண்ணன்’ என்று பொருந்தும் சொற்கள் நுழைந்தாலும் எச்சம் தன் முடிவை இழப்பதில்லை. இலக்கணம் இதை இடைப்பிறவரல் என்கிறது. குத்தும் உதையும் எச்சங்கள், கூந்தலின் பேரடி முற்று, பொத்தானைப் பிடித்தபடி விலகுவது இடைப்பிறவரல். இடையில் எதுவும் வரலாம் என்பதில்லை, ஏற்பது மட்டுமே வரலாம் என்ற கட்டுப்பாடும் அங்கே உண்டு. இருபது முப்பது மணிநேரம் ஆடியவரின் விரல்கள், தாய்மொழி பேசுபவர் எச்சத்தைக் கையாள்வதைப்போல, எண்ணாமலே இதைச் செய்கின்றன. ஆழம் என்று சொல்லப்படுவது இந்த ஆக்கத்திறன்தான்: சில விதிகள், அவற்றிலிருந்து அதற்கு முன் யாரும் ஆடியிராத வாக்கியங்கள்.

இனி அதே ஆட்டத்தை யூடியூபில் பார்க்கலாம். ஒரு பெண் அடிக்கிறாள், விலகுகிறாள், மீண்டும் அடிக்கிறாள். விடாமல் அழுத்தப்பட்டிருக்கும் பொத்தான் திரையில் இல்லை. பொருளை உண்டாக்கிய செயல் முழுவதும் கட்டைவிரலுக்கடியில் நடந்து முடிந்துவிட்டது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுக்கும் அவை பிறக்கும் நிலைக்களங்களை வகுத்துத் தருகிறது. மருட்கைக்கு, அதாவது வியப்புக்கு, சொல்லப்படும் நான்கு களங்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். பெருமிதத்துக்குச் சொல்லப்படுபவை கல்வி, தறுகண், புகழ், கொடை. திரைப்படத் தன்மை மிகுந்த விளையாட்டு தருவது மருட்கை. இதுவரை காணாதது, மலையளவு பெரியது, ஒன்று மற்றொன்றாக மாறுவது என எல்லாம் அதில் உண்டு. அது இழிவான உணர்வு அன்று. எட்டில் ஒன்றாகவே வைக்கப்பட்டிருக்கிறது. ஆழமான ஆட்டம் தருவது பெருமிதம். அதற்கு முதற்களமாகக் கல்வி வைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். கற்காதவருக்கு அது வாய்ப்பதில்லை. சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், மருட்கையை விற்றுவிட்டுப் பெருமிதத்துக்கும் சேர்த்து விலை வாங்கும்போது. திரையில் தோன்றும் எழுத்தைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்துகிறார் ஆடுபவர். நாயகன் அந்தரத்தில் மும்முறை சுழன்று அரக்கனின் கழுத்தை அறுக்கிறான். வித்தை யாருடையது?

இவ்வகை வருங்காலத்துக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 1983இல் லேசர் வட்டில் வந்த ‘டிராகன்ஸ் லேர்’ என்ற ஆர்கேட் விளையாட்டு, டான் புளூத்தின் அழகிய அசைவோவியங்களை ஓடவிட்டு, தக்க நொடியில் தக்க திசையைத் தட்டுமாறு மட்டும் கேட்டது. அழகில் அன்றைய எந்த விளையாட்டும் அதை நெருங்கவில்லை. சரியான விடைகளை மனப்பாடம் செய்தபின் அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. 2015இல் ‘தி ஆர்டர்: 1886’ திரைப்பட அகலத்துக்காகத் திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளுடன் வந்தது. ஆடுபவர் பார்க்கக்கூடிய இடத்தைக் குறைத்துச் சினிமாவின் மரியாதையை வாங்க நினைத்த விளையாட்டு அது. அதிகம் பேசத் தேவையில்லை.

பேச வேண்டியது 2018இன் ‘காட் ஆஃப் வார்’. கருத்தரங்குக் கட்டுரைகளின் செல்லப்பிள்ளை அதுதான். கோரி பார்லாக் இயக்கிய அவ்விளையாட்டில் தொடக்கம் முதல் இறுதிவரை கேமரா வெட்டுவதில்லை. கிரேட்டோஸின் தோளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே செல்கிறது. தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான மௌனங்கள் அந்த நெருக்கத்தால் கனம் பெறுகின்றன என்பதில் ஐயமில்லை. எறிந்த கோடரியைத் திரும்ப அழைக்கையில் அது கையில் வந்து விழும் அதிர்வு, அண்மைக்கால விளையாட்டுகள் கண்டுபிடித்த சிறந்த இன்பங்களில் ஒன்று. அது கைக்கான இன்பம் என்பதால் கட்டுரைகளில் அரிதாகவே வருகிறது.

விலை என்ன என்று பார்ப்போம். 2005இன் முதல் ‘காட் ஆஃப் வார்’ விளையாட்டில் கேமரா தொலைவில் நின்றது. களம் முழுவதும் தெரிந்தது. கிரேட்டோஸ் குதித்தான், அந்தரத்திலும் சண்டையிட்டான். 2018இல் கேமரா தோளை ஒட்டியதும் முதுகுப்புறம் இருட்டாகிவிட்டது. குதிக்கும் பொத்தான் போயிற்று. பின்னாலிருந்து வரும் தாக்குதலை அறிவிக்கக் கிரேட்டோஸின் உடலைச் சுற்றிச் சிறு அம்புக்குறிகள் வரையப்பட்டன: எதிரி அருகில் இருந்தால் வெள்ளை, தாக்க வந்தால் சிவப்பு, எறிபடை வந்தால் ஊதா. போதாதென்று மகன் அட்ரியஸ் கூவி எச்சரிக்கிறான். சினிமாவின் தூய்மைக்காக எடுக்கப்பட்ட முடிவைக் காப்பாற்ற, எந்தச் சினிமாவிலும் இல்லாத வண்ண அம்புகளை நாயகனின் இடுப்பைச் சுற்றி ஒட்டவேண்டி வந்தது. ஆடியவருக்கு இந்த அம்புகள்தாம் விளையாட்டின் பாதி. போரில் கண் அவற்றின்மேல்தான் இருக்கும். வெட்டில்லாக் காட்சியைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதி, அம்புக்கு ஒரு வரிகூட ஒதுக்காத கட்டுரை எதைப் பற்றியது என்று கேட்கத் தோன்றுகிறது.

சினிமாவே பகை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ‘அசுராஸ் ராத்’ (2012) ஏறக்குறைய முழுவதும் படம்தான்; கோளைவிடப் பெரிதாக வளர்ந்த ஒருவன் விரலால் நாயகனை நசுக்க வருகிறான், ஆடுபவர் பொத்தானைத் தட்டித் தள்ளுகிறார். அது தன்னை வேறொன்றாகக் காட்டிக்கொள்வதில்லை. மருட்கையை மருட்கை என்றே விற்ற நேர்மை அதற்கு உண்டு. இன்னும் நல்ல வழியும் இருக்கிறது. ‘டெவில் மே கிரை 5’ (2019) விளையாட்டில் ஆடும் முறைக்கு டி தொடங்கி எஸ்எஸ்எஸ் வரை தரம் வழங்கப்படுகிறது. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தால் தரம் ஏறாது, சொல்வளம் காட்ட வேண்டும். பின்னணிப் பாடல் தரத்தோடு சேர்ந்து ஏறுகிறது. எஸ் தரத்தை எட்டும்போதுதான் பல்லவி வெடித்துக் கிளம்புகிறது. கூசவைக்கும் அளவுக்குச் சினிமாத்தனமான கணம் அது. ஆனால் அதைப் படமாக்கியவர் ஆடுபவர். அந்தப் பல்லவியைக் கேட்டவருக்கும், அதே பாடலை யூடியூபில் கேட்டவருக்கும் இடையிலான வேறுபாடு இசையில் இல்லை.

இந்த மரபின் தொடக்கம் எந்தத் திரைக்கதையிலும் எழுதப்படவில்லை என்பதும் நினைக்கத்தக்கது. ‘ஒனிமுஷா’ உருவாக்கத்தின்போது, அடிபட்ட எதிரி கீழே விழாமல் அந்தரத்திலேயே மிதக்கும் நிரற்பிழை ஒன்று தோன்றியது. அதைக் கண்ட காமியா, 2001இன் முதல் ‘டெவில் மே கிரை’ விளையாட்டில் எதிரியை மேலே தூக்கி அந்தரத்திலேயே வைத்து அடிப்பதை ஆட்டத்தின் இலக்கணமாக்கினார். வழு வழக்காகி, வழக்கு விதியானது. மொழி மாற்றத்தைப் பயின்றோர் இக்கதையை எளிதில் நம்புவர்.

ஆழம் என்பது மேட்டிமைவாதம், நேரமும் விரலும் உள்ளோரின் ஆணவம் என்றொரு மறுப்பு எழும். 2019இல் ‘செகிரோ’ வந்தபோது இக்குற்றச்சாட்டு உரக்க ஒலித்தது. இதில் இரு வேறு பொருள்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. தவறுக்குக் கிடைக்கும் தண்டனையின் அளவு கடினம். தேர்வுகளின் வளம் ஆழம். ‘செகிரோ’வின் சொற்றொகுதி சிறியது, தண்டனை பெரியது. ‘டெவில் மே கிரை 5’இன் சொற்றொகுதி மிகப் பெரியது, ஆனால் எளிய நிலையில், தானியங்கி உதவியையும் இயக்கிக்கொண்டு, யாரும் அதை முடிக்கலாம். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ (2020) மாற்றுத்திறனாளிகளுக்காக அறுபதுக்கும் மேற்பட்ட அமைவுகளைத் தந்தது. வாசலை அகலப்படுத்துவதற்கு வீட்டைச் சிறிதாக்கத் தேவையில்லை என்பதற்கு இவையே சான்று. உண்மையில், ‘எளியோருக்கு வேடிக்கை போதும், கற்பது நமக்கு’ என்னும் எண்ணத்தில்தான் மேட்டிமை மறைந்திருக்கிறது.

இந்தியாவில் இது ஏட்டுச் சண்டையாக மட்டும் நிற்பதில்லை. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் 2020இல் ‘ராஜி’ என்ற ஆக்‌ஷன் விளையாட்டை வெளியிட்டது. ராஜஸ்தானக் கட்டடக்கலை, பஹாரி ஓவிய வண்ணங்கள், நிழற்பாவைக் கூத்தாக விரியும் கதைக் காட்சிகள் என அதன் தோற்றம் மனத்தைக் கவர்வது. சிறு குழுவொன்றின் அரிய உழைப்பு. நாயகி ஒரு சர்க்கஸ் பெண்: சுவரில் ஓடித் தாக்குகிறாள், தூணைப் பற்றிச் சுழன்று தாக்குகிறாள். ஓர் இலக்கணத்துக்கான விதை முழுவதும் அங்கே இருக்கிறது. ஆனால் இரண்டொரு அசைவுகளே வெற்றிக்குப் போதுமானவை ஆகிவிடுவதால், மற்றவை அகராதியில் உறங்கும் சொற்களாகின்றன. அயல்நாட்டு விமர்சகர் பலர் சண்டையின் குறையைச் சுட்டினர். இங்கே எழுதப்பட்ட பாராட்டுகளில் பெரும்பாலானவை ஓவியத்தோடும் புராணத்தோடும் நின்றுவிட்டன. அடுத்து விளையாட்டு செய்யப்போகும் இளைஞருக்கு அதனால் கிடைத்த பாடம், கோபுரத்தை நன்றாக வரைந்தால் போதும் என்பதே. சண்டையைப் பற்றிப் பேசும் சொற்கள் கல்விப்புலத்தில் இல்லாதபோது, சண்டையை வடிவமைப்பவருக்கு அவற்றை வேறு யார் தருவார்?

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. ஒரு துறை நூலகம் ஒரு கன்சோலும் நான்கு கன்ட்ரோலர்களும் வாங்கலாம். ஒரு கருத்தரங்கின் மதிய உணவுச் செலவைவிட அது அதிகமாகாது. களப்பணி செய்யும் மொழியியலாளர் எத்தனை பேச்சாளர்களிடம், எந்த ஊரில், எத்தனை மணிநேரம் பதிவு செய்தார் என்பதை முறையியல் இயலில் எழுதியே ஆகவேண்டும். ஆக்‌ஷன் விளையாட்டை ஆராய்பவரும் எத்தனை மணிநேரம், எந்தக் கடினநிலையில், எந்தக் கருவியில் ஆடினார் என்று எழுதட்டும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அதைக் கேட்கட்டும். பார்த்தது மட்டுந்தான் என்றால் அதையும் தயங்காமல் எழுதலாம். அப்போது ஆய்வேட்டின் தலைப்பில் ‘விளையாட்டு’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘யூடியூப் காணொளி’ என்று இருக்க வேண்டும், அவ்வளவே.