பயனாளிக் கணக்கில் வராத சாதி

ராஜபாளையத்துப் பஞ்சாலைப் பகுதியிலோ ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் காலனிகளிலோ வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் என்ன இருக்கும் என்பதைத் திறக்காமலேயே சொல்லிவிடலாம். எத்தனை பேருக்குத் தையல் பயிற்சி, எத்தனை மகளிர் குழு, எத்தனை மரக்கன்று. பயனாளிகள் வரிசையாக நின்று சிரிக்கும் படம் ஒன்று. டீக்கடையில் தனிக்குவளை ஒழிந்ததா, பஞ்சமி நிலம் ஒரு சென்ட்டாவது மீண்டதா என்பதற்கு அதில் கட்டம் இருக்காது.

அரசின் அளவுகோலும் இதே ரகம்தான். ஒன்றிய அரசு 2018 ஜனவரியில் அறிவித்த பின்தங்கிய மாவட்டங்களுக்கான திட்டத்தில் விருதுநகரும் உண்டு. மொத்தம் 49 குறியீடுகள்: உடல்நலம், ஊட்டச்சத்துக்கு 30 விழுக்காடு, கல்விக்கு 30, வேளாண்மை, நீர்வளத்துக்கு 20, மிச்சம் வங்கிக் கணக்கு, திறன் பயிற்சி, சாலை, மின்சாரம். தீண்டாமைக்கு ஒன்றுகூட இல்லை. மாவட்டம் ஏன் பின்தங்கியது என்ற கேள்வியைச் சாதியைத் தொடாமலே கேட்டு முடித்துவிட்டார்கள்.

ஒரு வட்டாரத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் சென்ற ஆண்டு மூன்று வழக்கு, இந்த ஆண்டு பன்னிரண்டு என்று வையுங்கள். இது வெற்றியா, தோல்வியா? அதிகாரி 'பதற்றம் கூடிவிட்டது' என்பார். காவல் நிலைய வாசலில் விடிய விடிய உட்கார்ந்து எஃப்.ஐ.ஆர். வாங்கிய களப்பணியாளருக்குத் தெரியும், ஒன்பது குடும்பம் பயத்தை விட்டிருக்கிறது என்று. வழக்குப் போட்டவருக்கு மறுநாளே தோட்ட வேலை நிற்கும், எதிர்வழக்கு வரும், 'சமாதானம்' பேச ஆள் வரும். குற்றப்பத்திரிகை தாக்கலானதிலிருந்து இரண்டு மாதத்தில் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். அது இழுக்கும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றப் படியேறி எத்தனை சாட்சிகள் பிறழாமல் நின்றார்கள்? நிவாரணத் தொகை தவணை தவறாமல் வந்ததா? ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடியதா? இவையும் எண்கள்தானே. எண்ணினால் என்ன?

எண்ண மாட்டார்கள், காசு கொடுப்பவர் கேட்பதில்லை. 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் நிர்வாகச் செலவை 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைத்தது. வழக்குச் செலவும் வண்டிச் செலவும் அந்த 20க்குள் அடக்கம். பெரிய நிறுவனம் வாங்கிய பணத்தைச் சிறிய தலித் அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்கவும் தடை. சி.எஸ்.ஆர். பணம் இருக்கிறதே என்பீர்கள். பஞ்சாலை முதலாளியின் பணத்தில் சுமங்கலித் திட்டத்தின் கொடுமையை அளக்கப் போகிறோமா?

'போராட்டத்தை எண்ணால் அளக்க முடியாது' என்று தோழர்கள் சிலர் தப்பித்துக்கொள்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. அண்ணல் அம்பேத்கர் அப்படித் தப்பிக்கவில்லை. பின்னாளில் அரிஜன சேவா சங்கமான அமைப்பின் செயலாளர் தக்கருக்கு 1932 நவம்பரில் எழுதிய கடிதத்தில், நூலகம், மதுவிலக்கு என்று தனிமனிதரைத் திருத்தும் வேலையை ஒதுக்கிவைத்து, கிணறு, பள்ளி, பொது வாகனம் ஆகியவற்றில் உரிமையை நிலைநாட்டும் வேலையை முன்வைத்தார். களத்தில் ஒடுக்கப்பட்டோரே பணியாளர்களாக இருக்க வேண்டும் என்றும் கேட்டார். பதிலே வரவில்லை.

90 ஆண்டு கடந்தும் கேள்வி அங்கேயே நிற்கிறது. உங்களில் பலர் தொண்டு நிறுவனங்களில் ஃபெலோஷிப்பில் இருக்கிறீர்கள். காசோலையில் கையெழுத்திடுபவர் எந்தத் தெரு, காலனிக்குள் நடப்பவர் எந்தத் தெரு என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். இந்த ஆண்டறிக்கை ஆங்கிலத்தில் அச்சாவதற்கு முன் ஒருநாள் மாலை, அந்தக் காலனியிலேயே தமிழில் வாசிக்கப்படட்டும். தையல் எந்திரம் வந்து சேராத அக்கா எழுந்து பேசுவார்.