கல்லுக்கும் குப்பைக்கும் பாதை, மக்களுக்கு?

1926ஆம் ஆண்டு புத்தளத்தை எட்டிய இருப்புப்பாதை, பின்னர் வடக்கே அறுவக்காடு வரை நீண்டது. மக்களை ஏற்றவா? இல்லை, சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக்கல் சுமக்க! 2017இல் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின், கொழும்பின் குப்பையையும் ஏறத்தாழ 170 கிலோமீற்றர் கடந்து அதே அறுவக்காட்டுக்குப் புகையிரதத்தில் அனுப்பும் திட்டத்தை முன்னெடுத்தனர். புத்தளம் மக்கள் வீதிக்கு வந்து எதிர்த்தும் கேளாது, கோடி கோடியாகப் பொதுப்பணம் ஒதுக்கினர்.

கல்லுக்குப் பாதை உண்டு, குப்பைக்கும் உண்டு. அயலில் வாழும் கரைத்தீவு மக்களுக்கோ? தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம். குற்றமென்று கூறும் அரசு, குற்றமின்றி நடக்க வழி சமைத்துத் தரவேண்டாமா?

பணமில்லை என்பர். மலைநாட்டில் கண்டியிலிருந்து நுவரெலியா வரை, 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பெக்கோ நடைபாதை, ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க அரசும் வழங்கிய மானியத்தின் துணையால் உருவானதே! உல்லாசப் பயணியின் உலாவுக்குக் கிடைத்த மானியம், உழைப்பாளியின் துவிச்சக்கர வண்டிக்கும் பள்ளிப் பிள்ளையின் கால்களுக்கும் கிடைக்கலாகாதா?

நாம் கேட்பது சலுகையன்று. தண்டவாளத்தின் ஓரமாக, தக்க இடைவெளியும் வேலியும் கொண்ட ஒரு பாதை. அதற்கென அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் ஒரு மானியம். நாட்டின் சுமையை இறக்குவதற்கு மட்டும் கரைத்தீவின் அயலை நினைவுகூரும் ஆட்சிமுறை இனியும் பொறுக்கத்தக்கதன்று!