தோட்டத் தொண்டு

மரம் நடும் வைபவங்களுக்குச் சென்னையில் குறைவில்லை. கனவான்கள் மண்வெட்டி பிடித்துப் படமெடுத்துக்கொண்டு சென்றபின் கன்றின் கதி என்னவென்று கேட்பாரில்லை. அது தப்பிப் பிழைத்தால், வேரைச் சுற்றிச் சிமெண்டு பூசுகிறார்கள். கம்பிக்கு இடைஞ்சலென்று ஒரு பக்கத்துக் கிளைகளை மட்டும் தறிக்கிறார்கள். 2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தபோது பழி முழுவதும் காற்றின்மேல் விழுந்தது. வேரோட இடமின்றி ஒரு புறமே கனத்து நிற்கும் மரம் வேறென்ன செய்யும்?

ஆதலின் வேண்டுவது உற்சாகம் மட்டுமன்று, தொழிலறிவு. கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த நிலத்தை 'நிழல்' என்னும் ஸ்தாபனத்தார் 2006-ம் வருஷம் தொடங்கித் தொண்டர்களைக் கொண்டு நம் நாட்டு மரங்கள் நிறைந்த பூங்காவாக்கியிருக்கிறார்கள். ஒரு நாள் விழாவில் விளைந்த காரியமன்று அது.

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவிலும் தியாகராய நகர் பனகல் பூங்காவிலும் காலையில் உலாவ வருவோரில் தோட்டக்கலை கற்றவர் ஒருவருமா இல்லை? அவர்கள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கட்டும். சட்டம் படித்த நமக்குக் கவாத்து செய்யத் தெரியாது. தண்ணீர் சுமக்கத் தெரியும்.

கூலிக்கு உழைக்கும் தோட்டக்காரரின் பிழைப்பில் மண் போடுவது நம் நோக்கமன்று. அவர் சம்பளத்தில் ஒரு காசும் குறையலாகாது. தொண்டர் அவருக்குத் துணை நிற்க வேண்டும். அவரிடம் கற்கவும் வேண்டும். கார்ப்பொரேஷனார் ஒவ்வொரு பூங்காவிலும் இத்தகையோர் பெயரைப் பதிந்து, கத்தியெடுக்க எழுத்துமூலம் அனுமதி அளிப்பார்களா?