பஸ் ஸ்டாண்டு தள்ளிப் போனால், வீடு எவ்வளவு தூரம்?

தஞ்சாவூரில் யாரிடமாவது "பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும். "பழசா, புதுசா?"

இரண்டுக்கும் நடுவே நாலைந்து கிலோமீட்டர். பழைய பேருந்து நிலையம் ஊருக்குள் இருக்கிறது. அங்கிருந்து பெரிய கோயிலுக்கும் ரயிலடிக்கும் நடந்தே போய்விடலாம். பிரசவத்துக்கு டெல்டா முழுக்கத் தெரிந்த ராசா மிராசுதார் அரசு மருத்துவமனையும் பக்கத்திலேயே. புதிய நிலையம் திருச்சி போகும் பக்கம் ஒதுங்கி இருக்கிறது. தூரத்து ஊர் பஸ்கள் அங்கேதான் நிற்கும். பகலில் இது ஒரு தொந்தரவே இல்லை, டவுன் பஸ் வந்துகொண்டே இருக்கும். ராத்திரி பதினொன்றரைக்குக் கைக்குழந்தையோடு இறங்குகிற பெண்ணுக்குத்தான் இந்த நாலைந்து கிலோமீட்டரின் நிஜமான நீளம் தெரியும்.

இப்போது டெல்டாவில் எந்த ஊரில் பஸ் ஸ்டாண்டு பேச்சு எழுந்தாலும், பைபாஸ் ஓரமாக இடம் பார்ப்பதுதான் வழக்கம் என்றாகிவிட்டது. காரணமும் நியாயமானதே. கோயில் வீதிகளும் கடைத்தெருவும் சூழ்ந்த ஊருக்குள் நாற்பதடி பஸ் திரும்பப் படும் பாட்டைக் கும்பகோணத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நெரிசல் குறையும், புகை குறையும், சரிதான். ஆனால் அக்கம்பக்கத்து ஜனங்கள் கேட்கிற கேள்விகள் வேறு.

முதல் கேள்வி தண்ணீர். டெல்டாவில் பைபாஸ் ஓரம் என்றால் பெரும்பாலும் நஞ்சை நிலம்தான். சாலை மட்டத்துக்கு மண்ணடித்து உயர்த்தினால், அதுவரை அந்த வயல் வழியாக வடிந்த மழைத்தண்ணீர் எங்கே போகும்? பாதை கிடைக்காவிட்டால் பக்கத்துத் தெருவுக்குத்தான். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலை போன்றவற்றைத்தான் தடுக்கிறது. அந்தப் பட்டியலில் பஸ் ஸ்டாண்டு இல்லை. அதனால் வடிகாலைப் பற்றி ஊர்க்காரர்கள்தான் கேட்டாக வேண்டும். (பஸ் ஸ்டாண்டு வருகிறதோ இல்லையோ, "புதிய பஸ் ஸ்டாண்டு மிக அருகில்" என்று மனைப்பிரிவு போர்டு மட்டும் முதலில் வந்துவிடும்!)

இரண்டாவது கேள்வி, இறங்கிய பிறகு என்ன செய்வது என்பது. இதற்குச் சென்னை கிளாம்பாக்கத்தை விடப் பெரிய பாடம் கிடையாது. டெல்டாக்காரர்கள் அதை அனுபவித்தே படித்தார்கள். 2002-ல் திறந்த கோயம்பேட்டுக்குப் பதிலாக, தென்மாவட்ட பஸ்களுக்கென்று சுமார் 88 ஏக்கரில் கிளாம்பாக்கம் நிலையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. தஞ்சாவூர், கும்பகோணம் பஸ்களும் 2024 தொடக்கத்தில் அங்கே மாறின. நிலையம் பெரிது, சுத்தம், வசதி. குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்திலேயே தண்டவாளம் ஓடியும், திறந்த அன்று அங்கே நின்று ஏற ரயில் நிலையம் இல்லை. மெட்ரோ விமான நிலையத்தோடு நின்றிருந்தது. முப்பது கிலோமீட்டர் தள்ளி வடபழனியிலோ அம்பத்தூரிலோ மகன் வீடு இருக்கும் அம்மாவுக்கு, தஞ்சாவூரிலிருந்து வந்த பயணத்தை விட அந்தக் கடைசி முப்பது கிலோமீட்டர்தான் அலுப்பு. 2024 பிப்ரவரியில் ஒரு முகூர்த்த நாள் கூட்டத்தில், ஊருக்குப் போக பஸ் இல்லை என்று நள்ளிரவில் பயணிகள் சாலை மறியலே செய்தார்கள்.

திருச்சி பஞ்சப்பூரிலும் நிலையத்தை 2025 மே மாதம் திறந்துவிட்டு, ஜூலையில்தான் பஸ்களை விட்டார்கள். ஒருவகையில் நல்லதுதான். ரிப்பன் வெட்டிய மறுநாளே ஜனங்களைத் தடுமாற விடவில்லை.

டெல்லியில் இந்தத் தவறு இன்னும் பெரிதாக நடந்தது. பி.ஆர்.டி. என்று, பஸ்ஸுக்கு மட்டும் தனிப் பாதை ஒதுக்கும் திட்டம். அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு 2008-ல் ஆரம்பித்தார்கள். பஸ் வேகமாகப் போனது உண்மை. நிறுத்தங்களோ சாலையின் நடுவில். ஒவ்வொரு முறையும் வாகனங்களுக்கு நடுவே குறுக்கே கடந்துதான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். கார்க்காரர்களும் வேறு காரணத்துக்காகத் திட்டினார்கள். 2016-ல் அதை இடித்தே விட்டார்கள். அகமதாபாத்தில் 2009-ல் தொடங்கிய இதே மாதிரித் திட்டம் இன்றும் ஓடுகிறது. ஆக, திட்டத்தின் மேல் பழி போட்டுப் புண்ணியமில்லை. நடந்து வருகிறவரை நினைத்துக் கட்டினோமா என்பதுதான் விஷயம்.

நம் ஊரில் நடந்து வருகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதையும் பார்க்க வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பூக்கூடையோடு வருகிறவர், வீட்டு வேலைக்கு வருகிறவர், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்குச் சாப்பாடு கொண்டு வருகிறவர் என எல்லோருக்கும் அந்த பஸ்தான் கதி. அது இருக்கும்வரை நிலையம் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அவர்களுக்குச் செலவில்லை. கடைசி டவுன் பஸ் போய்விட்டால் ஆட்டோதான். அன்றைய கூலியில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். பழைய நிலையத்தைச் சுற்றிக் கடை போட்டிருக்கும் டீக்கடைக்காரர், பழ வண்டிக்காரர் கணக்கு தனி. புதிய கட்டடத்தில் கடைகள் ஏலத்துக்கு வரும்போது, அந்த வைப்புத்தொகையைக் கட்டும் நிலையில் அவர்கள் இருப்பதில்லை.

இதற்கு ஒரு நல்ல உதாரணமும் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. பழைய பேருந்து நிலையம் இடிந்து விழும் நிலைக்கு வந்தபோது, ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அதே இடத்திலேயே புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். வேலை நடந்த காலத்தில் சிரமம்தான், ஆனால் திருவையாற்றுப் பக்கத்திலிருந்து பிரசவத்துக்கு வருகிறவர்கள் இன்றும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இறங்குகிறார்கள்.

எல்லா ஊரிலும் இப்படிச் செய்ய இடம் இருக்காது. வெளியேதான் போக வேண்டும் என்றால், கேட்க ஒரு இடம் இருக்கிறது. பைபாஸ் நிலம் பெரும்பாலும் ஏதோ ஒரு ஊராட்சியில்தான் வரும். கிராம சபை இப்போது வருடத்துக்கு 6 முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. "பஸ் ஸ்டாண்டு வேண்டாம்" என்று ஒற்றை வரியில் தீர்மானம் போட்டால் கோப்பில் தூங்கும். மழைத்தண்ணீர் எந்த வாய்க்காலில் சேரும், ஊருக்குள் போகும் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு, பைபாஸைக் கடக்க நடைமேம்பாலமா சுரங்கப்பாதையா, பழைய கடைக்காரருக்கு எத்தனை கடை ஒதுக்கீடு என்று எழுதிக் கொடுத்தால், பதிலும் எழுத்தில் வாங்கலாம். நிலத்தை அளக்கக் கல் நடுவதற்கு முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும்.